ஏரிக்கு எந்த நிறம்?

வானிலை எச்சரிக்கைக்கு நாலு நிறம்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆனா நிறம் மாவட்டக் கணக்கு. சிவப்புன்னா திருத்தணிக்கும் சிவப்பு, எளாவூர் பக்கத்துப் பழவேற்காடு ஏரிக்கரைக்கும் அதே சிவப்பு.

மீனவர் எச்சரிக்கையோ குமரிக்கடல், மன்னார் வளைகுடா, வங்கக்கடல் என்று கடலைப் பற்றித்தான் பேசுகிறது. ஏரியில் வலை போடுகிறவர் அதில் எங்கே இருக்கிறார்?

முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதல்ல என் குறை. மிக்ஜாம் புயல் வருவது முன்பே தெரிந்ததுதான். 2023 டிசம்பர் 5-ல் அது ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது அதற்கு முந்தின நாளே. கரை கடக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவோம்.

ஏரிக்கரை வெள்ளத்தை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றில் தண்ணீர் வரும். அது கடலுக்கு வடிய முகத்துவாரம் திறந்திருக்கணும். மணல் மூடிக் கிடந்தா, மழை விட்ட பிறகும் தண்ணி தேங்கும்.

மழைக்கு ஒரு அறிவிப்பு, அணைக்கு ஒரு அறிவிப்பு. முகத்துவாரத்துக்கு? இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, படகை எப்போ மேட்டுக்கு ஏத்தணும்னு முடிவெடுக்கிற வேலை மீனவர் தலையில்தான் விழுகிறது. எச்சரிக்கை சொல்ல வேண்டியதே அதைத்தானே?