உடலுக்கு இடம் மாறிய குரல்

ஜப்பானியர் 'ஐடல்' என்று அழைக்கும் பாடகியர் மரபு, கைதேர்ந்த பாட்டுத்திறனை முன்வைத்து எழுந்ததன்று; ரசிகரின் கண்முன்னே வளர்ந்து ஆளாகும் இளம்பெண்களின் முயற்சியையே கலையாக ஏற்றுக்கொண்ட மரபு அது. 1964இல் அங்கே வெளியான ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தின் தலைப்பு வழியே பரவிய இச்சொல், 1970களில் கேண்டீஸ், பிங்க் லேடி ஆகிய குழுக்களாலும், 1980களின் நடுவில் ஒன்யாங்கோ கிளப்பாலும், 1990களின் இறுதியில் மார்னிங் முசுமேயாலும் வெவ்வேறு வடிவம் பெற்று, 2005இல் டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் தனக்கென ஓர் அரங்கு அமைத்துக்கொண்டு 'நேரில் சென்று சந்திக்கத்தக்க ஐடல்' என்ற கொள்கையோடு புறப்பட்ட ஏகேபி48 குழுவில் பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இம்மரபில் குரல் பிசிறினாலும் அடி சற்றுத் தடுமாறினாலும் ரசிகர் முகம் சுளிப்பதில்லை. அதனை மனத்தூய்மையின் அடையாளமாகவே கொண்டு, தடுமாறியவளுக்காக இன்னும் உரக்கக் குரல்கொடுப்பார்கள். அதே ஆண்டுகளில், அதே அகிஹபாராவின் தெருக்களில் துண்டறிக்கை கொடுத்தும் ஆடிக்காட்டியும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த பெர்ஃப்யூம் என்னும் மூவர் குழு, ஐடல் மரபிலேயே பிறந்திருந்தும் அதற்கு நேர் எதிரான திசையில், பிசிறே இல்லாத இசையை நோக்கி நடந்தது.

இக்குழு 2000ஆம் ஆண்டில் ஹிரோஷிமா நகரின் ஒரு கலைப்பயிற்சிப் பள்ளியில், பதினொரு வயதை ஒட்டிய சிறுமியரைக் கொண்டு உருவானது. தொடக்கத்தில் சேர்ந்த மூவரின் பெயர்களிலும் 'நறுமணம்' என்று பொருள்படும் ஒரே சித்திர எழுத்து இடம்பெற்றிருந்ததால் குழுவுக்கு இப்பெயர் அமைந்தது. அவர்களுள் ஒருவர் விரைவிலேயே விலக, அவ்வெழுத்து தம் பெயரில் இல்லாத ஓமோட்டோ அயானோ அவ்விடத்துக்கு வந்தார். அவரை ரசிகர் நோச்சி என்றும், காஷினோ யுகாவைக் காஷியுகா என்றும், நிஷிவாக்கி அயாகாவை ஆ-சான் என்றும் அழைக்கிறார்கள். 2003இல் மூவரும் டோக்கியோவுக்கு வந்தபோது, இசையமைப்பாளர் நகாட்டா யாசுடாகா அவர்களுக்குப் பாடல் எழுதத் தொடங்கினார். 2005இலும் 2006இலும் வெளிவந்த 'லீனியர் மோட்டார் கேர்ள்', 'கம்ப்யூட்டர் சிட்டி', 'எலெக்ட்ரோ வேர்ல்ட்' ஆகிய மூன்றும் 'அண்மை எதிர்கால முப்பாடல்' எனச் சேர்த்துச் சொல்லப்படும் அளவுக்கு ஒரே உலகைச் சித்திரிப்பவை. ஆயினும் அவை அன்று பெரிய அளவில் விற்கவில்லை.

நகாட்டாவின் ஒலிப்பதிவு முறையை அறியாமல் இவ்விசையின் அழகை அறிய இயலாது. பாடகியர் நின்றுகொண்டு, மூச்சை நிரப்பி, நெஞ்சம் நெகிழப் பாடுவதை அவர் விரும்புவதில்லை. அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பேசும் உரப்பிலேயே, உணர்ச்சியை ஏற்றாமல் பாடச் சொல்கிறார். பதிவு நாளன்றே பாடலைக் கேட்டு, அங்கேயே கற்று, சில மணி நேரத்தில் பாடி முடிப்பதே இவர்களது வழக்கம். பாடலின் பொருளை உள்வாங்கிப் பாவம் கூட்டுவதற்கான அவகாசமே அதில் கிடையாது. அவ்வாறு பெற்ற குரலைச் சுருதி திருத்தும் மென்பொருளின் வழியே செலுத்தி, விளிம்புகளை வழித்தெடுத்து, மின்னிசைக் கருவிகளுள் ஒன்றாகவே அவர் அடுக்குகிறார். கேட்பவருக்கு முதலில் இது உயிரற்றதாகத் தோன்றலாம். ஆனால் தொடர்ந்து கேட்கும்போது, அழுகையைக் காட்டாத ஒருவரின் முகத்தையே நாம் கூர்ந்து நோக்குவதுபோல், அக்குரலின் அடக்கமே கேட்பவரின் கவனத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதை உணரலாம்.

2007 செப்டம்பரில் வெளிவந்த 'பாலிரிதம்' இதன் சிறந்த எடுத்துக்காட்டு. கழிவுப்பொருளை மறுசுழற்சி செய்வதை வலியுறுத்தும் பொதுநல விளம்பரத்தில் இப்பாடல் ஒலித்ததனால்தான் இக்குழு நாடெங்கும் அறிமுகமாயிற்று என்றாலும், விளம்பரத்தில் இடம்பெறாத நடுப்பகுதியில்தான் அதன் உயிர் இருக்கிறது. நடனமேடைக்குரிய நான்கு அடிகளின் சீரான தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாடல் நடுவில் ஓரிடத்தில் சொற்களை அசைகளாக நறுக்கிக்கொண்டு, ஒரு குரலை ஐந்தின் கணக்கிலும் இன்னொன்றை ஆறின் கணக்கிலும் சுழலவிடுகிறது. கீழே முரசு நான்கிலேயே நிற்கிறது. நான்கடிக்கு எட்டு அரையடிகள் என்று கொண்டால், எட்டும் ஆறும் இருபத்துநான்கிலும் எட்டும் ஐந்தும் நாற்பதிலும்தான் மீண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அதுவரை கேட்பவரின் கால் எந்தத் தாளத்தைப் பற்றிக்கொள்வது என்றறியாமல் தவிக்கிறது. மீளமீளச் சுழன்று வருவதைப் பற்றிய பாடல், தன் பொருளைச் சொற்களால் விளக்காமல் தாளத்தாலேயே நிகழ்த்திக்காட்டும் இடம் இது. எல்லாக் கணக்கும் ஒன்றில் கூடிப் பழைய மெட்டு திரும்பும் அந்தக் கணத்தின் நிம்மதிக்கு ஈடானது வெகுசன இசையில் அரிது. மறு ஆண்டு ஏப்ரலில் வெளியான 'கேம்' தொகுப்பு ஒரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. டெக்னோ பாப் எனப்படும் மின்னிசை வகை, யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா குழுவுக்குப் பின் 25 ஆண்டுகள் கழித்து அவ்விடத்தை அடைந்தது அப்போதுதான்.

குரலிலிருந்து எடுத்த உணர்ச்சி எங்கே போயிற்று என்று கேட்டால், உடலுக்குப் போயிற்று என்பதே விடை. அதனை அங்கே குடியமர்த்தியவர் நடன அமைப்பாளர் மிகிகோ. ஹிரோஷிமாப் பள்ளியில் இச்சிறுமியருக்கு ஆசிரியராக இருந்த அவரே பிற்காலத்திலும் அவர்களின் நடனங்களை அமைத்து வந்தார். ஆகவே அவர்களின் எலும்பும் மூட்டும் வளர்ந்த விதம்வரை அறிந்தவர். இம்மூவரும் குதிகால் உயர்ந்த காலணியோடுதான் ஆடினார்கள். பெரும் தாவல்களுக்கு அதில் இடமில்லை என்பதால் மணிக்கட்டும் விரல்நுனியும் கழுத்தின் சிறு திருப்பமுமே பேசவேண்டியிருந்தது. 2012இல் வந்த 'ஸ்பெண்டிங் ஆல் மை டைம்' பாடலில் ஒரு சில சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் கைகளோ ஒவ்வொரு சுற்றிலும் வேறு கோணத்தில் மடிந்து, விரிந்து, முகத்தின் குறுக்கே கடந்து, சொல்லில் இல்லாத பதற்றத்தைச் சேர்த்துக்கொண்டே போகின்றன.

உடை அமைப்பிலும் இதே நுட்பம் உண்டு. காஷியுகாவுக்கு நெற்றியில் நேராக வெட்டிய நீண்ட கூந்தலும் குட்டைப் பாவாடையும், நோச்சிக்குத் தாடையளவில் நிற்கும் முடியும் அரைக்கால் சட்டையும், ஆ-சானுக்குச் சுருட்டிய கூந்தலும் விரிந்த கவுனும் என ஆண்டுக்கணக்கில் மாறாமல் காக்கப்பட்டதால், பின்னாலிருந்து ஒளி வீசி நிழலுருவம் மட்டுமே தெரியும்போதும், அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர் யார் எங்கே நிற்கிறார் என்று அறிந்துகொள்ள முடிகிறது. ஐடல் குழுக்களில் 'சென்டர்' எனப்படும் நடுவிடம் போட்டியிட்டுப் பெறும் பரிசு. அதன் பொருட்டு வாக்கெடுப்பே நடத்திய குழுவும் உண்டு. பெர்ஃப்யூமிலோ முக்கோணத்தின் முனை ஓயாமல் இடம் மாறுகிறது. ஒருத்தி முன்னே வந்ததை நாம் கவனிக்கும் முன்பே அடுத்தவள் அவ்விடத்துக்கு வந்திருப்பாள். மூவரின் அசைவும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருப்பதில்லை: நோச்சியின் வீச்சில் வெட்டு அதிகம், காஷியுகாவிடம் நெளிவு அதிகம், ஆ-சானிடம் துள்ளல் அதிகம். இந்த வேறுபாட்டை மிகிகோ தேய்த்து அழிக்காமல் விட்டதுதான் அவருடைய கலையின் உச்சம்.

மேடையில் பெரும்பாலும் பதிவு செய்த குரலுக்கு வாயசைப்பவர்கள் என்பது இவர்கள்மீது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை. பாடுவதாகப் பாவனை செய்து ஏமாற்றும் குழுவுக்கு அக்குறை பொருந்தும். ஆனால் குரலை முன்னரே கருவியாக்கிவிட்ட இசையில், மேடைக்கு வருவது அக்குரலைச் சுமக்கும் உடல்தான்; பொம்மலாட்டத்தில் பொம்மை பேசவில்லையே என்று யாரும் குறைப்படுவதில்லை. அதோடு, பாடல்கள் நின்றதும் இவர்கள் நெடுநேரம் பேசினார்கள். கருவிபோல் ஒலித்த அதே வாயிலிருந்து ஆ-சானின் ஹிரோஷிமா வட்டார வழக்கு கொச்சை மாறாமல் புறப்பட்டு, கூட்டத்தை ஆண்கள், பெண்கள், கண்ணாடி அணிந்தோர், கண்வில்லை அணிந்தோர், வெறுங்கண்ணர் என்று பிரித்துக் கூவ வைக்கும்போது, சற்றுமுன் கண்ட துல்லியம் எத்தகைய சாதாரணப் பெண்களின் உழைப்பு என்பது தெரியவந்தது. பேச்சு இல்லையேல் நடனம் குளிர்ந்துவிடும். நடனம் இல்லையேல் பேச்சு வெறும் அரட்டையாகிவிடும்.

2010இல் இக்குழு டோக்கியோ டோம் அரங்கை அடைந்தபோதே, ஊடகக் கலைஞர் மனாபே டாய்டோவும் அவர் சார்ந்த ரைசோமேட்டிக்ஸ் நிறுவனமும் இம்மேடைக்குள் கணினியைக் கொண்டுவந்தனர். 2012இல் மூவரின் ஆட்டத்தையும் அசைவுப்பதிவுக் கருவியால் எண்களாக மாற்றி, விரும்பியவர் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் பொதுவில் வைத்தார்கள். முகமோ நிறமோ இல்லாத அப்புள்ளிகளுக்கு உலகெங்குமுள்ள ரசிகர்கள் தத்தம் கற்பனைப்படி உருக்கொடுத்தார்கள். வெறும் புள்ளிகளானபோதும் எது நோச்சி, எது காஷியுகா என்று பழகிய கண்கள் கண்டுகொண்டன என்பதே மிகிகோவின் கொள்கைக்குக் கிடைத்த சான்று. 2013 ஜூனில் பிரான்சின் கான் நகரில் நடந்த விளம்பரக் கலை விழாவில், மூவரும் அணிந்திருந்த வெள்ளை உடைகளே திரைகளாயின. ஆடும் உடலைக் கணந்தோறும் பின்தொடர்ந்து கணினி ஒளிச்சித்திரத்தைச் சரியாக அவ்வுடைமீதே வீழ்த்தியது. ஓர் அடி பிசகினாலும் ஒளி உடலை விட்டு வெளியே சிந்திவிடும் என்ற நிலையில் மூவரும் ஆடியது, இளமையில் ஹிரோஷிமாவில் பெற்ற பயிற்சி எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டியது. 2019இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா மேடையையும் இக்குழு எட்டியது.

2025 செப்டம்பரில், கால்நூற்றாண்டைக் கடந்த இம்மூவரும் அவ்வாண்டு இறுதியோடு செயற்பாட்டை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, கலைப்பு என்றோ ஓய்வு என்றோ சொல்லாமல் 'கோல்ட் ஸ்லீப்' என்றார்கள். நெடுந்தொலைவு செல்லும் விண்வெளிப் பயணியரை உறைநிலையில் உறங்கவைத்து, உரிய காலத்தில் எழுப்புவதாக அறிவியல் புனைகதைகள் சொல்லும் அந்த உறக்கத்தின் பெயர், இருபது ஆண்டுகளுக்கு முன் அகிஹபாராத் தெருக்களில் நின்று, கணினி நகரங்களையும் காந்த ரயில்களையும் பற்றி ஒரு சிலருக்கு மட்டும் ஆடிக்காட்டிய அதே பெண்களின் வாயிலிருந்து வந்தது.