உடவத்தகெலே முனிவரின் தியான நூல்

தேர்வு நெருங்குங்கால் மனங் கலங்கும் மாணவர்க்குக் கண்மூடி மூச்சைக் கவனிக்குமாறு அறிவுரை கூறுதல் இந்நாளிற் பெருவழக்காயிற்று. இவ்வழக்கின் வேரைத் தேடுவார் நெடுந்தொலைவு செல்லல் வேண்டா. கண்டித் தலதா மாளிகையின் பின்னே உயர்ந்து நிற்கும் உடவத்தகெலே வனத்திற் பல்லாண்டு வாழ்ந்து, 1994இல் மறைந்த ஞானபோனிக தேரரின் ஆங்கில நூல் அவ்வேர்களுள் ஒன்றாம். 'பௌத்த தியானத்தின் இதயம்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1954இற் கொழும்பிலும், பின்னர் 1962இல் இலண்டனிலும் வெளிவந்த அந்நூலைச் சைவநூற் பயிற்சியோடு நோக்குதலே ஈண்டு எம் கருத்து.

ஆசிரியர் 1901இல் ஜேர்மனியில் யூதக் குடியிற் பிறந்தவர். 1936இல் இலங்கை வந்து துறவு பூண்டவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கில அரசு அவரைத் தியத்தலாவையிலும், பின்னர் இந்தியாவிலே தேராதூனிலும் தடுத்து வைத்தது. பிறந்த நாட்டில் யூதரென ஒதுக்கப்பட்டவர், புகுந்த நாட்டில் ஜேர்மானியரென அடைக்கப்பட்டார்! மனவமைதியைக் குறித்துச் சாய்நாற்காலியிலிருந்து எழுதப்பட்ட நூலன்று இஃது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 1952இற் பர்மா சென்று மகாசி சயாதோவிடம் பயின்ற பயிற்சியும் நூலில் இடம்பெறுகின்றது.

நூலின் உயிர் சதிபட்டான சூத்திரம். உடல், நுகர்ச்சி, சித்தம், தம்மம் என்னும் நான்கினையும் விழிப்போடு நோக்குதலை அது கூறும். இதனை விளக்கப் புகுந்த ஆசிரியர் இரு கருத்துக்களை எடுத்தாளுகின்றார். ஒன்றை 'வெறுங்கவனம்' எனலாம். வெறுமையென்பது இங்கே இழிவன்று. விருப்பும் வெறுப்பும் கலவாமையாம். சினம் எழுமிடத்து அதனை அடக்கவோ தொடரவோ முயலாது, 'சினம் எழுந்தது' என்று அறிந்து நிற்றலே அது. மற்றையது தெளிந்த அறிவு: செய்யுஞ் செயலின் நோக்கம், தகுதி முதலியவற்றை ஆராய்ந்து ஒழுகுதல். இவ்விரண்டினையும் ஆசிரியர் பிரித்தாரல்லர். அவரைப் படியாது அவர் சொல்லை வழங்குவாரே முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டனர். நோக்கத்தை ஆராயாத கவனம் வேட்டுவனுக்கும் உண்டன்றோ?

ஓரிடத்தில் ஆசிரியரோடு முரண்பட வேண்டியுள்ளது. பௌத்தப் பயிற்சியில் மூச்சைத் தடுத்தல் இல்லை. அதுவே யோகியரின் பிராணாயாமத்தினின்றும் அதனை வேறுபடுத்துவது என்கின்றார். பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்து நான்கு, இரேசகம் முப்பத்திரண்டு எனத் திருமூலர் அளவு வகுத்திருத்தலின் இக்கூற்றுப் பொருந்தும் போலத் தோன்றும். ஆயினும், இயல்பாய் வந்துபோகும் மூச்சினையே மந்திரமாகக் கொள்ளும் அசபையும் நம் யோகநெறியில் உண்டு. அங்கே மூச்சு அடக்கப்படுவதில்லை. இரு நெறிக்குமுள்ள மெய்யான வேறுபாடு மூச்சிலன்று, நோக்குவான் யார் என்னும் வினாவிலேயே கிடக்கின்றது. பௌத்தர் ஆன்மாவை உடன்படார், நாம் உடன்படுவோம். இப்பெரு வினாவை விடுத்துச் சிறு வேறுபாட்டிற் கைவைத்தமை நூலுக்குக் குறையே.

அன்றாட மனச்சுமை தணிதற்கு இப்பயிற்சியைக் கொள்ளுதல் தகுமோ? தகும் என்பதே எம் துணிபு. 1979இற் கண்டிக்கு அணித்தான நிலம்பையிலே தியான நிலையம் எழுந்தது. அங்கே 2000இல் மறையுமளவும் கற்பித்த கொட்வின் சமரரத்தின, நூலகத்திற் பணியாற்றிய இல்லறத்தார். சமைத்தலும் பெருக்குதலும் தியானமாகலாம் என்று காட்டியவர். அதே 1979இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மருத்துவக் கல்லூரியிலே யோன் கபாற்-சின் நோயாளருக்குப் பயிற்சியைத் தொடங்கினார். நோவுற்றவனை நோக்கி, 'முதலில் வீடுபேற்றை விரும்பு, பின்னர் ஆறுதல் தருவேன்' என்பது அருளாகாது. எனினும் திருமூலர் இயம நியமங்களை முன்வைத்துப் பின்னரே மூச்சுக்கு வந்தார். பௌத்தரும் சீலத்தையே முன்வைத்தனர். பொய்யுரைத்து வந்த ஒருவன் பத்து நிமிடம் மூச்சைக் கவனித்தால் உறக்கம் வரலாம். தெளிவு வருமோ என்பது ஐயமே.

நூல் மூன்று பகுதிகளை உடையது. முதன்முறை படிக்கும் மாணவர் ஆசிரியரின் விளக்கவுரையில் நேரே புகாது, இரண்டாம் பகுதியிலுள்ள சூத்திரத்தை முன்னர்ப் படித்துக்கொள்ளுதல் நன்று.