பாங்க்வோவுக்கு ஓர் இருக்கை

மேக்பெத் நாடகத்தை மேடையேற்றும் எந்த இயக்குநரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். மூன்றாம் அங்கத்தின் விருந்துக் காட்சியில், சற்று முன்பு கூலிக்கொலையாளிகளிடம் வெட்டுப்பட்டுச் செத்த பாங்க்வோவின் ஆவி வந்து அரசனின் இடத்தில் அமர்கிறது. அந்த ஆவியாக ஒரு நடிகர் நம் கண்முன் வந்து உட்காரவேண்டுமா? அல்லது இருக்கையைக் காலியாக விட்டு, மேக்பெத்தின் முகத்தை வைத்தே ஆவியை நாம் ஊகித்துக்கொள்ளச் செய்யவேண்டுமா? ஒப்பனையும் விளக்கும் சம்பந்தப்பட்ட சிறிய சிக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேராசையும் குற்றவுணர்வும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கின்றன என்று இந்த நாடகம் காட்டுவது இந்த ஒரு முடிவைப் பொறுத்தே மாறிவிடுகிறது. காலி இருக்கையை விரும்புகிறவர்கள் பக்கம் வலுவான நியாயங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஆவி வந்து உட்காரத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

1606 வாக்கில் எழுதப்பட்ட இந்த நாடகம், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழாண்டுகள் கழித்து, 1623இல் வந்த முதல் ஃபோலியோ தொகுப்பில்தான் அச்சேறியது. ஆவி நுழைந்து மேக்பெத்தின் இடத்தில் அமர்வதை அதிலுள்ள மேடைக்குறிப்பு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. 1611 ஏப்ரலில் குளோப் அரங்கில் இதைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற மருத்துவரின் குறிப்பேட்டிலும் இந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது. வராத விருந்தாளியான பாங்க்வோவை நினைத்து மேக்பெத் கிண்ணத்தோடு எழுந்து நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஆவி வந்து நாற்காலியில் அமர்ந்துவிடுகிறது. மறுபடி உட்காரத் திரும்பும்போதுதான் அவன் அதைப் பார்க்கிறான். ஆக, எழுதியவரின் காலத்தில், அவருடைய குழுவே ஆவியை உடலோடு மேடையில் வைத்தது. எழுதியவர் அப்படிச் செய்தார் என்பதற்காக மட்டும் நாமும் செய்யவேண்டியதில்லை. காரணத்தை நாடகத்துக்குள்ளேதான் தேடவேண்டும்.

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் இந்த விருந்து ஆவி கிடையாது. அங்கே மேக்பெத் அரசனான பிறகு பத்தாண்டுகள் நன்றாகவே ஆள்கிறான். முந்தைய மன்னன் டங்கனின் கொலையில் பாங்க்வோவும் கூட்டாளி. பாங்க்வோவின் வழியில் வந்தவராகத் தம்மைக் கருதிய ஜேம்ஸ் மன்னர் அரியணையில் இருந்த காலத்தில் அவனைக் கொலைகாரனாகக் காட்ட முடியாதுதான். ஆனால் ஷேக்ஸ்பியர் அவனைத் தூய்மைப்படுத்தியதோடு நிற்கவில்லை. செத்த பிறகு திரும்பி வரச் செய்தார். அரசனின் இருக்கையிலேயே அமர்த்தினார்.

அந்த இருக்கையில்தான் காட்சியின் முழு ஆற்றலும் இருக்கிறது. மேக்பெத்துக்கு முடி கிடைத்துவிட்டது. கிடைத்ததில் நிம்மதியாக உட்காரத்தான் முடியவில்லை. பாங்க்வோவின் பிள்ளைகளே பின்னாளில் அரசர்களாவார்கள் என்று சூனியக்காரிகள் சொன்ன சொல் அவனை அரிக்கிறது. பாங்க்வோவை அவன் கொல்வது பழைய பகைக்காக அல்ல, இந்த இருக்கைக்காக. விருந்து தொடங்கும் வேளையில் கொலையாளி கதவோரம் வந்து, பாங்க்வோ செத்தான், மகன் ஃப்ளியான்ஸ் தப்பிவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அப்புறம் பிரபுக்கள் உட்காரும்படி வேண்டுகிறார்கள். பந்தி நிறைந்திருக்கிறதே என்கிறான் மேக்பெத். இதோ உங்களுக்கென்று ஒதுக்கிய இடம் என்கிறார்கள். எங்கே என்று கேட்கிறான். செத்தவர்கள் எழுந்து வந்து நம்மை இருக்கையிலிருந்து தள்ளுகிறார்களே என்ற பொருளில் பிறகு புலம்புகிறான். மண்டை பிளந்தால் மனிதன் செத்தொழிந்த காலம் போய்விட்டதே என்பது அவன் அங்கலாய்ப்பு. அவன் முறையிடுவது பாவத்தைப் பற்றியல்ல, இடத்தைப் பற்றி. ஆசை கைப்பற்றிய இருக்கையில் அவனுக்கு முன்பே குற்றம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓர் உடலில், அவன் செய்த கொலையும் அவன் அஞ்சும் வாரிசுரிமையும் ஒன்றாகத் தெரிகின்றன. இருக்கையைக் காலியாக வைத்தால் கொலையின் நினைவு மட்டும் மிஞ்சுகிறது. இடம் பறிபோன அதிர்ச்சி மங்கிவிடுகிறது.

ஆவி எப்போது வருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். பாங்க்வோ இங்கே இல்லையே என்று மேக்பெத் வருந்துவதுபோல நடிக்கும் வேளையில் வருகிறது. போய்விடுகிறது. சற்றுத் தெளிந்ததும், அருமை நண்பன் இருந்திருக்கலாமே என்று மறுபடி கிண்ணம் ஏந்துகிறான், மறுபடி வருகிறது. இரண்டு முறையும் அதை அழைப்பது அவனுடைய பொய்தான். கொன்றதற்குப் பழிவாங்கவும் அது வரவில்லை. ஹாம்லெட்டின் தந்தையைப்போல ஆணையிடுவதில்லை, ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. இல்லாதவனை அன்போடு தேடும் நடிப்புக்குப் பதிலாக, இதோ இருக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறது. மேக்பெத்தோ, நான்தான் செய்தேன் என்று உன்னால் சொல்லமுடியாது என வழக்காடுகிறான். கத்தியைப் பிடித்தது கூலியாட்களின் கை என்பதைத் தவிர அவனிடம் வேறு வாதம் இல்லை.

இனி எதிர்த்தரப்பு. டங்கனைக் கொல்வதற்கு முன் மேக்பெத் காற்றில் காணும் கத்தியை யாரும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதில்லை. அதை நடிகரின் கண்ணிலேயே பார்த்துக்கொள்கிறோம். ஆவிக்கு மட்டும் ஏன் மாவு பூசிய முகம்? 1760இல் 'நடிகன்' என்ற நெடுங்கவிதையில் ராபர்ட் லாயிட் இந்த வாதத்தை எழுப்பினார். 1794இல் லண்டன் டிரூரி லேன் அரங்கின் புதிய கட்டடம் மேக்பெத்தோடு திறக்கப்பட்டபோது ஜான் பிலிப் கெம்பிள் அதைச் செய்தும் காட்டினார். அவர் வெற்று நாற்காலியைப் பார்த்து அலற, அவருடைய தமக்கை சாரா சிடன்ஸ் அரசியாக விருந்தைச் சமாளித்தார். பொதுமக்களுக்கு அது பிடிக்கவில்லை. பின்னாளில் கெம்பிள் ஆவியைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. சனங்களுக்கு மலிவான திகில்தான் வேண்டியிருந்தது என்று இதை இகழ்வோர் உண்டு. அந்த அரங்கின் அளவை எண்ணிப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 3,600 பேர் அமரக்கூடிய மண்டபம் அது. மேல்மாடத்துக் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கெம்பிளின் கண் எங்கே தெரிந்திருக்கும்? முகமே ஆவியாகவேண்டுமென்றால் முகம் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

1976இல் அந்தத் தூரம் கிடைத்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குச் சொந்தமான 'தி அதர் பிளேஸ்' அப்போது ஒரு தகரக் கொட்டகை. ட்ரெவர் நன் அங்கே இயக்கிய மேக்பெத்தில் ஆவி இல்லை. வட்டமாகக் கூடியவர்கள் நடுவே இயன் மெக்கெல்லன் வெற்றிடத்தைப் பார்த்து நடுங்கினார். பின்பு தொலைக்காட்சிக்காகப் படமாக்கிய வடிவத்தைப் பார்க்கிறவர்கள் இந்த முறையின் சிறப்பை மறுக்க முடியாது. பார்ப்பதற்கு ஆவி இல்லாதபோது நம் கண் கணவன் மனைவி இருவர்மேல் விழுகிறது. பாங்க்வோவைக் கொல்லும் திட்டத்தை மேக்பெத் மனைவியிடம் மறைத்திருந்தான். இப்போது அவன் யாரைப் பார்த்து அலறுகிறான் என்றே தெரியாமல் அவனை மூடி மறைக்கப் போராடுகிறாள் ஜூடி டென்ச்சின் லேடி மேக்பெத். டங்கனைக் கூடிக் கொன்ற இருவருக்கும் இடையே விழுந்த விரிசலை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு தயாரிப்பை நான் அறியேன். ஆவியும் மேடையில் இருந்திருந்தால் அவள் முகத்தை இந்த அளவுக்குக் கவனித்திருப்போமா என்பது சந்தேகமே.

ஆனாலும் இந்த முறையில் நமக்கு ஒரு தப்பும் வழி கிடைத்துவிடுகிறது. நாடகம் தொடங்கியதிலிருந்து மேக்பெத் தன் அந்தரங்கத்தை நம்மிடம்தான் கொட்டுகிறான். மனைவிக்கும் தெரியாதது நமக்குத் தெரியும். விருந்து மண்டபத்தில் அவனைத் தவிர உண்மை அறிந்தவர்கள் அவையோர் மட்டுமே. ஆவி கண்ணுக்குத் தெரிந்தால் நாமும் அவனும் ஒரு பக்கம். ஒன்றும் தெரியாத பிரபுக்கள் மறு பக்கம். அவன் பார்த்ததைப் பார்த்தவர்களாகக் கூண்டில் நாமும் நிற்கிறோம். இருக்கை காலியாக இருந்தாலோ நாம் பிரபுக்களின் வரிசைக்கு நகர்ந்துவிடுகிறோம். பாவம், மனம் பேதலித்துவிட்டது என்று தொலைவில் நின்று இரங்குகிறோம். குற்றவுணர்வு அவனுக்கு வந்த நோயாகச் சுருங்கிவிடுகிறது. இரங்கும் வேளையிலேயே நாம் அவனைக் கைவிட்டும் விடுகிறோம்.

கத்தியும் ஆவியும் ஒன்று என்ற வாதம் முதலில் யாருடைய வாயிலிருந்து வருகிறது? லேடி மேக்பெத்தின் வாயிலிருந்து. இது உன் பயம் வரைந்த படம், அன்று கண்ட கத்தியைப் போன்றதே, நீ பார்ப்பது வெறும் முக்காலி என்று அவள்தான் சொல்கிறாள். விருந்தாளிகளிடம் எப்படியாவது சமாளித்தாக வேண்டிய ஒருத்தியின் அவசரப் பேச்சு அது. மேக்பெத்தே இரண்டையும் ஒன்றாக நினைக்கவில்லை. கத்தியைப் பற்ற முயன்று கையில் சிக்காதபோது, சூடேறிய மூளையின் படைப்போ என்று அங்கேயே ஐயுறுகிறான். ஆவியையும் விரட்டும்போது பொய்த்தோற்றமே என்று ஏசுகிறான்தான். ஆனால் அது போன பிறகு, இதைப் பார்த்தும் உங்கள் கன்னம் வெளுக்கவில்லையே என்று வியக்கிறான். எல்லோரும் பார்த்ததாகவே நம்புகிறான். வெறும் முக்காலி என்று சொன்னவளின் கதி ஐந்தாம் அங்கத்தில் தெரிகிறது. யாருக்கும் தெரியாத இரத்தக்கறையைத் தூக்கத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள்.

இரண்டு வழிகளையும் இணைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அகிரா குரோசாவா 1957இல் எடுத்த 'த்ரோன் ஆஃப் பிளட்' படத்தில், தோஷிரோ மிஃபுனே நடித்த, மேக்பெத்துக்கு இணையான வாஷிசுவின் எதிரே காலியாகக் கிடந்த இடத்துக்குக் கேமரா திரும்பும்போது பாங்க்வோவுக்கு இணையான மிகியின் வெளுத்த உருவம் அங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பிறகு அதே இடம் காலியாகவும் காட்டப்படுகிறது. ரூபர்ட் கூல்ட் 2007இல் சிச்செஸ்டரில் பேட்ரிக் ஸ்டூவர்ட்டை வைத்து இயக்கியபோது இடைவேளையையே விருந்தின் நடுவில் வைத்தார். இடைவேளைக்கு முன் ஆவியோடும், பின் ஆவி இல்லாமல் விருந்தினர் பார்வையிலும் காட்சி நடந்தது. கூர்மையான யோசனைதான். ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது, உண்மையில் நடந்தது இதுவே என்ற தீர்ப்பு தானாக விழுந்துவிடுகிறது. கடைசியாகச் சொல்லப்பட்ட பதிப்புக்கு எப்போதும் அந்த அனுகூலம் உண்டு.

ஆவியைக் காட்டுவதில் ஆபத்து இல்லையென்று சொல்லமாட்டேன். பச்சை விளக்கு, புகை, தலையிலிருந்து வழியும் சிவப்புச் சாயம் என்று போனால் அவையில் சிரிப்பு எழும். எழுந்த சிரிப்பை அந்த இரவு முழுவதும் எந்த நடிகராலும் அடக்க முடியாது. ரொமான் போலன்ஸ்கியின் 1971ஆம் ஆண்டுப் படத்தில் ஆவி மேலும் மேலும் கோரமாகும்போது அருவருப்பு மிகுந்து அச்சம் குறைகிறது. கொலையாளி சொல்லும் இருபது வெட்டுகளை ஒப்பனைக்காரர் ஒவ்வொன்றாக வரையவேண்டியதில்லை. ஃபோர்மன் பார்த்ததுபோல, மேக்பெத் முதுகைத் திருப்பியிருக்கையில், அன்று பிற்பகல் குதிரையேறிப் போன அதே உடையில், தாமதமாக வந்த விருந்தாளியாகப் பாங்க்வோ நடந்து வந்து உட்கார்ந்தால் போதும். மேக்பெத்துக்கு முன்பே நாம் அவனைப் பார்த்துவிடவேண்டும். திரும்பாதே என்று அவையோர் உள்ளுக்குள் தவிக்கும் அந்தச் சில கணங்கள் காலி இருக்கையால் ஒருபோதும் கிடைக்காதவை.

நாடகத்தின் பிற்பாதியை எண்ணும்போதுதான் என் கட்சி எனக்கு உறுதிப்படுகிறது. விருந்துக்குப் பின் மேக்பெத் இரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் கடப்பதும் ஒரே பாடுதான் என்று கணக்குப் போடுகிறான். அடுத்து, அவனை எதிர்க்கும் பிரபுவான மக்டஃப்பின் மனைவியும் குழந்தைகளும் அவன் ஆணையால் கொல்லப்படுகிறார்கள். தாயின் கண்முன்னே சிறுவன் குத்துப்பட்டு விழுகிறான். இந்த நாடகத்தின் மிகக் கொடிய செயல் அதுதான். அதற்கு ஆசையின் நியாயம்கூட இல்லை, அந்தச் சிறுவனால் முடிக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவனுக்காக எந்த ஆவியும் வரவில்லை. மேக்பெத் தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை, யாரிடமும் வழக்காடவில்லை, கடைசியில் மக்டஃப்பை நேருக்கு நேர் சந்திக்கும்வரை அந்தச் சாவுகளைப் பற்றி ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லவுமில்லை. அச்சத்தின் சுவையே மறந்துவிட்டது என்று பிறகு அவனே ஒப்புக்கொள்கிறான். பாங்க்வோ வந்து உட்கார்ந்த அந்த இரவில் மேக்பெத்துக்குள் ஏதோ உயிரோடு இருந்தது; இப்போது அது செத்துவிட்டது. அந்தச் சாவை அவையோர் உணரவேண்டுமென்றால், ஒருமுறையாவது ஆவி அவர்கள் கண்முன் வந்திருக்கவேண்டும். வந்ததைப் பார்த்தவர்களுக்கே வராமல் போனது உறைக்கும்.

ஆவியை நீக்கும் இயக்குநர்கள் நான்காம் அங்கத்துக்கும் விடை சொல்லவேண்டும். சூனியக்காரிகள் எட்டு அரசர்களை வரிசையாக நடத்திக் காட்டும்போது, இவர்களெல்லாம் என் வழியினர் என்பதுபோலப் பாங்க்வோ மறுபடி வந்து நிற்கிறான். அவன் சிரிப்பதைக் கண்டு மேக்பெத் துடிக்கிறான். விருந்தில் மௌனமாக இருக்கையைப் பிடித்தவனே இங்கே தன் வம்சத்தைக் காட்டிச் சிரிக்கிறான் என்று தொடர்புபடுத்தும்போதுதான் மேக்பெத்தின் தோல்வி முழுதாகப் புரிகிறது. விருந்தில் காலி நாற்காலியை வைத்தவர் இங்கே மட்டும் ஒரு நடிகரைக் கொண்டுவந்து நிறுத்தினால், அந்த உருவம் முதன்முறையாக அறிமுகமாகும் அந்நியனாகிவிடும். இங்கேயும் காட்டாமல் விட்டால், எட்டு அரசர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை வசனம் மட்டும் சுமக்கவேண்டியிருக்கும்.