மறைந்த உருவும் மணிக்குவளையும்: வல்வில் ஓரி பற்றிய இரு புறப்பாடல்கள்

முன்னுரை

அறப்பளீசுவரர் கோயில் அமைந்த வளப்பூர் நாட்டை உள்ளடக்கிய கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கையொட்டி அரசு விழாவும் நடைபெறுகிறது. இன்றைய நினைவில் ஓரியின் முதன்மை அடையாளம் வில்லே. அவனைப் பாடிய வன்பரணரோ புறநானூறு 152இல் அவன் உருவை மறைத்தும், 153இல் அவன் கொடையை மலராக்கியும் காட்டுகிறார்.

மறைந்த உரு

யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஓரம்பால் வீழ்த்திய வேட்டுவனைப் பாணர் சுற்றம் காண்கிறது. அவன் ஊன் விற்று வாழ்பவன் அல்லன் என்பதைத் தோற்றம் உணர்த்துகிறது. ஓரியோ அல்லனோ என்ற ஐயம் எஞ்சுகிறது. பாட்டில் 'கோ' என்னும் சொல் எழுந்ததும் அவன் நாணுகிறான். முடியும் குடையும் செய்யாத அறிமுகத்தை அந்நாணம் செய்துவிடுகிறது. பின்னரே மானிறைச்சியும் மதுவும், தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் வழங்குகிறான்.

மணிக்குவளை

பாணர்க்குப் பொற்றாமரை சூட்டுதல் சங்கப் பாடல்களின் பொதுமரபு. 153ஆம் பாடலில் கூத்தர் பெறுவதோ நீரில் மலராத, மணிகளால் ஆன குவளை. மலையின் விளைபொருள் மலர்வடிவம் பெற்று இரவலர் தலையேறுகிறது. எனினும் அதைப் பெற்றவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தனர்; பசி நீங்கியதுதான் காரணமோ என வினவுகிறார் புலவர். கொடையின் பெருமைக்குச் சான்றாகவே இது பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால் அவ்வினாவில் கலைஞனின் கவலையும் உண்டு: வாடாத பூ கிடைத்த இடத்தில் பாட்டு வாடுகிறது. அரசனின் புகழைச் சுமக்க வேண்டிய நாவை அவன் கொடையே அடக்கிவிடுகிறது.

இதற்கு மறுதலையாக நிற்பவை பரணரின் நற்றிணை 6, குறுந்தொகை 199 ஆகியவை. இவற்றில் தலைவியின் கூந்தல் ஓரியின் கானம்போல் மணக்கிறது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூறு 209 கூறுகிறது. மலை கைமாறியது; கானத்தின் மணமோ பாட்டில் இன்றும் ஓரியின் பெயரையே தாங்குகிறது.

முடிவுரை

மணிக்குவளை வாடாதது, ஆயினும் பாட்டை நிறுத்தியது. கானமணம் நில்லாதது, ஆயினும் பெயரை நிறுத்தியது. ஆகவே ஓரியின் நினைவை வில்லோடு மட்டும் நிறுத்துவது பாடல்கள் காட்டும் அரசனைக் குறைத்துக் காண்பதாகும். தன் புகழ் கேட்டு நாணியவனும், மலையின் மணத்தில் கலந்தவனுமாகிய ஓரியே அவற்றில் நிலைத்திருப்பவன்.