ஓரெழுத்தும் ஒரு கைத் தண்ணீரும்

கொர்தோபா நகரின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்தவர் இப்னு ருஷ்து (1126–1198). அரிஸ்டாட்டிலுக்கு உரை வகுத்த அதே எழுதுகோல், தொழுகைக்கு முன் முகமும் கைகாலும் கழுவும் ஒளுவைப் பற்றியும் எழுதியது. 'பிதாயத்துல் முஜ்தஹித்' எனும் அவரது சட்டநூலில் தூய்மை பற்றிய முதற்பகுதியைப் படித்தோம். வியந்தோம், ஓரிடத்தில் வருந்தவும் செய்தோம்.

பெரியோர் சொன்னார், அடங்கு என்று அந்நூல் அதட்டவில்லை. பெரியோர் பிரிந்தது ஏன் என்று கேட்கிறது! தலையைத் தடவுக என்பது குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் ஆணை. எவ்வளவு தலையை? முழுவதையும் என்றார் மாலிக். கால்பங்கு போதும் என்றது அபூ ஹனீஃபாவின் வழி. அளவே இல்லை, சிறிது நனைந்தாலும் போதும் என்றது ஷாஃபியின் வழி. இந்தப் பிளவுக்குக் காரணம் 'பி' என்னும் ஓர் இடைச்சொல். அரபியில் அது சிலபோது வெறும் அசையாய் நிற்கும். சிலபோது 'ஒரு பகுதி' என்ற பொருள் தரும். அவ்வளவுதான்! காயல்பட்டினத்துக் கடற்கரையில் ஷாஃபி வழியினரும், உள்நாட்டில் ஹனஃபி வழி இராவுத்தர்களும் வேறுவேறாய்த் தலை தடவுவதன் வேர், ஓர் இலக்கண ஐயம். இதை மூடி மறைக்காத நேர்மையைப் போற்றுகிறோம்.

பெண்ணைத் தொட்டால் ஒளு முறியுமா? தோல் பட்டாலே முறியும் என்பது ஷாஃபி வழி. இன்பநாட்டத்தோடு தொட்டால் முறியும் என்பது மாலிக்கி வழி. வசனத்தின் 'தீண்டல்' கூடலையே குறிக்கும், வெறும் தொடுதலால் முறியாது என்பது ஹனஃபி வழி. இப்னு ருஷ்து தாம் மாலிக்கி மரபினராயினும், கூடலே பொருள் என்ற பக்கம் சாய்கிறார். துணிவுதான். ஆனால் எதைக் கொண்டு சாய்கிறார்? மீண்டும் சொல்வழக்கைக் கொண்டு! தொழுகையின்போது நபிகள் தம்மைத் தொட்டதாக ஆயிஷா அம்மையார் கூறிய சான்று அங்கேயே இருக்கிறது. அவர் தீர்ப்பின் பாரத்தை அதன்மீது ஏற்றவில்லை.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு உரை எழுதியபோது, பெண்ணின் ஆற்றலைப் பிள்ளைப்பேற்றில் அடைத்துச் செடிகொடிபோல் வைத்திருக்கின்றன நம் நகரங்கள் என்று இடித்துரைத்தவரும் இவரே அன்றோ! அந்தக் குரல் இந்தப் பக்கங்களில் எங்கே போயிற்று? நீதிபதி இருக்கையில் அமர்ந்ததும் மெய்யறிவாளர் வாய்பொத்தினாரோ என்று கேட்கிறோம்.

அப்படி அடங்கி எழுதியும் என்ன பயன்? 1195-இல் அவரை லூசேனாவுக்கு நாடுகடத்தினர். மெய்யறிவு நூல்களைத் தீயிலிட்டனர். சட்டநூல் இன்றும் அரபு மொழியிலேயே கிடைக்கிறது. பெண்ணுக்காகப் பேசிய அந்த உரையின் அரபு மூலமோ மறைந்துபோயிற்று; ஹீப்ரு மொழிபெயர்ப்பு வழியாகவே அதை நாம் படிக்கிறோம்.