வகுப்பறைக்கு வலைப்பூ வேண்டும், வாட்ஸ்அப் குழு வேண்டாம்

மைசூரு தசராவின்போது 'மக்கள தசரா' என்று பிள்ளைகளுக்காகவே ஒரு விழா நடக்கிறது. கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். நம் பழந்தமிழிலும் அப்படித்தான். இதுபோன்ற விழா எதுவானாலும் படங்கள் அன்றிரவே பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஏறிவிடுகின்றன. சீருடையோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் படம் ஒன்றை இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். பெயர், வகுப்பு, ரத்த வகை, அப்பாவின் கைப்பேசி எண், சில அட்டைகளில் வீட்டு முகவரியும் இருக்கும். அந்தப் பிள்ளை எந்தத் தவறும் செய்யவில்லை. படம் எடுத்தவர் ஆசிரியர், ஏற்றியது பள்ளி.

வகுப்பறையில் வலைப்பூவையும் சமூக ஊடகத்தையும் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் பேச்சை இந்த அட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் வழிகாட்டிகள் வேறு இடத்தில் தொடங்குகின்றன. இணையக் கேலி, மிரட்டலிலிருந்து பிள்ளைகளைக் காக்க, தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி.யும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2020 மே மாதம் ஒரு கையேடு வெளியிட்டன. மைசூரு மானசகங்கோத்ரியில் 1963 முதல் இயங்கும் மண்டலக் கல்வி நிறுவனம் இதே என்.சி.இ.ஆர்.டி.யின் கிளை, தமிழ்நாடு உட்பட தென்மாநிலங்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே அங்கே சொல்வது நம் ஊர் வகுப்பறைக்கும் வந்து சேரும். இத்தகைய கையேடுகளின் அறிவுரையில் பிழை இல்லை. கடவுச்சொல்லைச் சொல்லாதே, முன்பின் தெரியாதவரிடம் பேசாதே, யாராவது மிரட்டினால் பெரியவர்களிடம் சொல். ஆனால் பாரம் முழுக்கப் பிள்ளையின் தலையில் விழுகிறது. பெரியவர்களே ஓட்டையாக இருந்தால் என்ன செய்வது?

இது வெறும் சந்தேகம் அன்று. நாடு முழுவதும் பள்ளிகள் பயன்படுத்தும் அரசின் தீக்‌ஷா செயலியின் தகவல்கள் பூட்டப்படாத ஒரு சர்வரில் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளியானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும், ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் அதில் இருந்தன. விவரத்தை யாரிடமும் கொடுக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அமைப்பு, வாங்கி வைத்ததைக் காக்கவில்லை. கையேடுகளை மதிப்பிடும்போது இதை ஓரத்தில் தள்ள என்னால் முடியாது.

அடுத்து வாட்ஸ்அப். வகுப்புக் குழுவில் நாற்பது வீட்டின் எண்களும் எல்லாருக்கும் தெரியும். தேர்வு முடிந்தால் மதிப்பெண் பட்டியலின் படம் வந்து விழும். கடைசி வரிசையில் இருக்கும் பெயரை நாற்பது வீடும் படிக்கும். அதை யார் சேமித்தார், யாருக்கு அனுப்பினார் என்று எவராலும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பின் சொந்த விதிப்படியே 13 வயதுக்குக் கீழே இருப்பவர் தாமாகக் கணக்கு வைக்கக் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 11 வயது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் கற்றல் என்ன நடக்கிறது? வீட்டுப்பாடம் அறிவிப்பார்கள், பெற்றோர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். அறிவிப்புப் பலகைக்கு மேல் அது எதுவும் ஆகவில்லை.

வலைப்பூவின் கதை வேறு. நாம் பள்ளியில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் வாரிசு அது. எழுதி, திருத்தி, வாசகர் ஒருவர் படிப்பார் என்று காத்திருக்கும் அந்த அனுபவம் கட்டுரை நோட்டில் கிடைக்காது. ஸ்காட்லாந்தில் 2012-இல் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, தந்தையின் துணையோடு, தன் பள்ளியின் மதிய உணவைப் பற்றி வலைப்பூ எழுதினாள். 'வெஜ்' என்று புனைபெயர். படத்தில் சாப்பாட்டுத் தட்டு இருக்கும், தோழிகளின் முகம் இருக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மதிப்பெண் போட்டாள். அந்த ஜூனில் உள்ளூராட்சி மன்றம் படம் எடுக்கத் தடை போட்டது. ஊர் கொதித்ததும் மறுநாளே விலக்கிக்கொண்டது. ஒன்பது வயதில் அவள் பாதுகாப்பாகவே எழுதினாள். பதறியது மன்றம்.

மொத்தமாகத் தடுத்துவிடலாம் என்ற கட்சியையும் பார்க்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் நடைமுறையில் இருக்கிறது. வணிகத் தளங்களைப் பொறுத்தவரை அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் தடையை வகுப்பறைக்குள் நீட்டினால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகம் பார்த்துவிட்டது. 2020 ஜூனில் சிறு வகுப்புகளுக்கு இணையவழிப் பாடமே கூடாது என்று அரசு உத்தரவிட்டது. கல்வி உரிமையைப் பறிப்பதாகச் சொல்லி உயர் நீதிமன்றம் ஜூலை 8 அன்று அதை நிறுத்திவைத்தது.

வலைப்பூவுக்கு எதிராகக் கனமான வாதம் ஒன்று உண்டு: ஆசிரியருக்கு நேரம் ஏது? நாற்பது பிள்ளைகளின் பின்னூட்டங்களை மட்டுறுத்துவது விளையாட்டில்லை. உண்மைதான். அதனால் பிள்ளைக்கு ஒரு வலைப்பூ என்று தொடங்கவே கூடாது. வகுப்புக்கு ஒன்று போதும், கடவுச்சொல் ஆசிரியரிடம். பிள்ளைகள் தாளில் எழுதட்டும். வாரத்துக்கு நான்கைந்து ஏறட்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளையும் இதில் பின்தங்க மாட்டாள்.

சட்டமும் வந்துவிட்டது. 2023-இன் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். கற்பித்தலுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தேவையான கண்காணிப்புக்குப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. சேர்க்கைக்கு ஆள் பிடிக்க முகப்படம் போடுவது அந்த விலக்கில் அடங்காது என்றே நான் வாசிக்கிறேன்.

என் தீர்ப்பு இது. புனைபெயரோடும், முகப்படம் இல்லாமலும், ஆசிரியர் படித்த பிறகே பின்னூட்டம் வெளியாகும்படியும் நடக்கும் வகுப்பு வலைப்பூவைத் தயங்காமல் தொடங்கலாம். வாட்ஸ்அப் குழு அறிவிப்போடு நிற்கட்டும். மதிப்பெண்ணும் படமும் அதில் வரக் கூடாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு வகுப்பறையில் வேலை இல்லை. பெற்றோர் இந்த வாரமே பள்ளியிடம் கேளுங்கள்: என் பிள்ளையின் படம் எங்கெங்கே இருக்கிறது, எடுக்கச் சொன்னால் எத்தனை நாளில் எடுப்பீர்கள்?