சிவகாமியின் சபதமும் வாதாபிச் சிற்பங்களும்

நல்ல நூலொன்றைப் படித்து முடித்தபின் அதற்கு இணையான ஓவியத்தையோ சிற்பத்தையோ தேடிப் பார்ப்பது நமக்கு இளமை முதலே உள்ள பழக்கம். சில நூல்களுக்கு அந்த இணையை ஓவியரே தேடித் தந்துவிடுகிறார். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் அத்தகையவை. வந்தியத்தேவன் என்றதும் இன்றும் பலர் கண்முன் வருபவன் மணியத்தின் தூரிகையில் பிறந்த வாலிபனே. வேறு சில நூல்களுக்கோ வாசகரே இணை தேடிக்கொள்ள வேண்டும். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நமக்கு அப்படி வாய்த்த நூல்.

1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த இந்நாவலுக்கு இணை தேடுவோர் முதலில் செல்லுமிடம் மாமல்லபுரம். அது பொருத்தமே. தந்தை ஆயனர் கல்லில் வடிக்கிறார். மகள் சிவகாமி ஆடுகிறாள். மகளின் அபிநயமே தந்தையின் சிலையாகிறது. அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாகக் கூறப்படும் அப்பெரும் பாறையின் முன் நின்றவர்க்கு ஆயனரின் உளியோசை கேட்காமல் இராது. யானைகளின் கம்பீரத்துக்கு அருகிலேயே, ஒற்றைக் காலில் தவஞ்செய்யும் பூனையையும் அதனை நம்பி நிற்கும் எலிகளையும் செதுக்கிய குறும்பும் கல்கியின் எழுத்துக்கு நெருங்கிய உறவுடையது. நாமும் நெடுங்காலம் இந்த ஓர் இணையோடு மனநிறைவு கொண்டிருந்தோம்.

அந்த நிறைவு சில ஆண்டுகளுக்கு முன் குலைந்தது. அலுவலகத்தில் கிடைத்த விடுப்புப் பயணச் சலுகையைக் கொண்டு குடும்பத்தோடு பாதாமிக்குச் சென்றிருந்தோம். கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்திலுள்ள அப்பாதாமியே பழைய வாதாபி. அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து எடுத்த 'சிவகாமியின் சபதம்' பையில் இருந்தது. இரயிலிலேயே குழந்தைகளுக்குக் கதை முழுவதையும் சொல்லி முடித்திருந்தோம். செம்மலையின் படிகளில் ஏறும்போது கன்னடப் பள்ளியில் பயிலும் இளைய மகள் கேட்டாள்: "அப்பா, இந்த ஊரையா நம்ம ராஜா எரிச்சாரு? எங்க பாடத்துல புலிகேசி ரொம்ப நல்ல ராஜான்னு இருக்கே!"

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இக்கேள்வி புதிதன்று. வீட்டில் மாமல்லன் வீரன். பள்ளியில் ஹர்ஷனைத் தடுத்து நிறுத்திய இம்மடிப் புலிகேசி வீரன். நம் பிள்ளைகள் இரண்டு பெருமைகளையும் ஒரே புத்தகப் பையில் சுமக்கிறார்கள். அன்று நம்மிடம் விடை இல்லை. விடையைச் சிற்பங்களே சொல்லின என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதற்குகையின் வாயிலருகே பதினெட்டுக் கரங்களோடு ஆடவல்லான் நிற்கிறான். அருகில் விநாயகர், முழவு வாசிப்பவன் ஒருவன். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது இச்சிற்பம். கரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முத்திரை காட்ட, ஒரே உருவத்தில் ஆட்டத்தின் பல கணங்கள் திரண்டு நிற்கின்றன. அபிநயத்தைக் கல்லில் நிறுத்திவைப்பது ஆயனரின் வாழ்நாள் வேட்கையன்றோ? அவ்வேட்கை ஆயனர் கதை தொடங்கும் முன்னரே வாதாபியில் நிறைவேறியிருந்தது!

நாவலில் நம் நெஞ்சை உலுக்கும் இடமொன்றை ஈண்டு நினைவுகூர வேண்டும். சிறைப்பட்ட சிவகாமி, தமிழ்நாட்டுக் கைதிகளைச் சாட்டையடியிலிருந்து காக்க வாதாபியின் நாற்சந்திகளில் ஆடுகிறாள். அந்த அவமானத்திலிருந்தே சபதம் பிறக்கிறது. அவள் ஆடிய தெருக்களுக்கு மேலே, இம்மலையில், ஆடலின் தலைவனே ஆடிக்கொண்டிருந்தான் என எண்ணும்போது அக்காட்சியின் துயரம் இருமடங்காகிறது. கலையை மதிக்கத் தெரிந்த ஊரிலேயே கலைச்செல்வி ஒருத்தி இழிவுபடுத்தப்பட்டாள். சபதம் கேட்டதோ அவ்வூரையே எரிக்கும்படி.

மூன்றாம் குகை இன்னும் பெரியது. மங்களேசன் காலத்துக் கல்வெட்டால் அதன் ஆண்டு கி.பி. 578 எனத் தெளிவாகத் தெரிகிறது. பாம்பணைமேல் அமர்ந்த திருமாலும், மூவுலகளந்த திரிவிக்கிரமனும், நரசிம்மமும் அங்கே உள்ளனர். 642இல் நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைக் கைப்பற்றியபோது இக்குகைகளெல்லாம் இருந்தவையே. பல்லவ வீரர்கள் இவற்றைக் கண்டிருப்பார்கள். நரசிம்மன் பெயர் தாங்கிய மன்னன் இந்த நரசிம்மத்தின் முன் ஒரு கணமாவது நின்றிருப்பானா என்று நம் மனம் கேட்கிறது. அவனது வெற்றியைக் கூறும் சிதைந்த கல்வெட்டொன்றும் அவ்வூர்ப் பாறையிலேயே இருக்கிறது.

நாவலின் குறையென நாம் கருதுவதை இனிக் கூறலாம். கல்கி சளுக்கர் நாட்டுக் கலையை மறைத்தவர் அல்லர். அஜந்தாவின் அழியா வண்ண இரகசியத்துக்காக ஆயனர் ஏங்குவதே கதையை நகர்த்தும் விசைகளில் ஒன்று. ஆனால் அஜந்தா பெற்ற பெருமையை வாதாபி பெறவில்லை. நாவலின் வாதாபி பெரும்பாலும் பகைவனின் தலைநகர். எரிவதற்காகவே எழுப்பப்பட்ட அரங்கு. அங்கும் ஓர் ஆயனர் உளி பிடித்திருந்தார், அவருக்கும் ஒரு மகள் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வாசகனுக்கு எழ நூல் இடந்தரவில்லை. குகைகளை நேரில் கண்டபின் அந்த எண்ணத்தை நம்மால் விலக்க முடியவில்லை.

எனினும் நூலின் முடிவு இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. சபதம் நிறைவேறுகிறது, நகரம் எரிகிறது, சிவகாமிக்கு மிஞ்சியது யாது? மாமல்லன் மணமானவன் என அறிந்து, ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புவிக்கிறாள். இக்கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி வந்த நாம், அதன் கடைசி அத்தியாயத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

இந்நாவலுக்கு நாம் கண்ட இறுதி இணை பாதாமியில் இல்லை; காஞ்சியில் பாதியும் பட்டடக்கல்லில் பாதியுமாக இருக்கிறது. மாமல்லனின் கொள்ளுப்பேரன் இராஜசிம்மன் எடுப்பித்தது காஞ்சிக் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டில் புலிகேசியின் வழித்தோன்றலான இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். வாதாபிக்குப் பழிதீர்க்க வாய்த்த நேரம் அது. அவன் நகரை அழிக்கவில்லை. கைலாசநாதரின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கோயிலுக்கே திரும்ப அளித்தான். இச்செய்தியைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயில் தூணில் இருக்கிறது. அவன் வெற்றியின் நினைவாக அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விரூபாக்ஷர் கோயிலில் காஞ்சிக் கைலாசநாதரின் சாயலைக் கலை வல்லுநர் காண்கின்றனர். பாதாமியிலிருந்து சற்றேறக்குறைய 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கோயிலை மறுநாள் கண்டபோது நமக்குக் காஞ்சிக்கே திரும்பிவிட்டதுபோல் இருந்தது.

பட்டடக்கல்லில் மகளிடம் சொன்னோம்: "எரிச்சவங்களும் உண்டும்மா. எரிக்காம திருப்பிக் கொடுத்தவங்களும் உண்டு. இந்தக் கோயில் அந்த ரெண்டாவது கதை." அவள் காஞ்சித் தூணிலிருக்கும் கன்னட எழுத்தைப் படிக்க வேண்டும் என்றாள். பழைய எழுத்தாயிற்றே, படிக்க முடியாதே என்றோம். "பார்க்கலாம், அப்பா" என்றாள்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். 'சிவகாமியின் சபதம்' உங்கள் வீட்டு அலமாரியில் இருக்குமாயின், மல்லைப் படத்தோடு நிறுத்தாமல் வாதாபியின் ஆடவல்லான் படத்தையும் விரூபாக்ஷர் கோயில் படத்தையும் அதனுள் வைத்துப் படியுங்கள். கல்கியின் மீது நமக்குள்ள அன்பு அதனால் குறையவில்லை. சிவகாமியின் மீதுள்ள இரக்கம் கூடியிருக்கிறது. அடுத்த விடுமுறையில் காஞ்சிக்குச் செல்வதென வீட்டில் முடிவாகியுள்ளது.